மஞ்சள் கடுதாசியும் குடியானவர் உடைமையும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிக் கிராமங்களில் உழைப்புக்குப் பஞ்சமில்லை. மரவள்ளி, மஞ்சள், கரும்பு, வெற்றிலை, வாழை என்று நிலத்தை நம்பி வாழ்வோர் ஒருசாரார். கோழிப் பண்ணை, கைத்தறி, விசைத்தறி, லாரி, ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டி என்று தொழிலை நம்பி வாழ்வோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் முதல் வேண்டும். கையில் முதல் இல்லாதவர் கடன் வாங்குகிறார். மழை பொய்த்துக் கிணறு வற்றுகிறது. கிழங்கின் விலை சரிகிறது. முட்டையின் விலை தீவனச் செலவுக்கும் போதாமற் போகிறது. தவணை தவறுகிறது. வட்டி அசலை விழுங்கி வளர்கிறது. கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார்.

இந்நிலையில் அகப்பட்ட குடும்பத்தார் பெரும்பாலும் மூன்று வழிகளையே நினைக்கின்றனர். இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போய்விடுவது ஒன்று. நிலத்தையும் வீட்டையும் மைத்துனர் பெயருக்கோ மருமகன் பெயருக்கோ எழுதி வைத்துவிடுவது மற்றொன்று. உயிரையே மாய்த்துக்கொள்வது மூன்றாவது. முதலாவது வழியால் கடன் தீர்வதில்லை. இரண்டாவது வழியால், சட்டம் தரக்கூடிய பாதுகாப்பையும் இழக்க நேரிடும். மூன்றாவது வழி குடும்பத்தைத் தலையற்றதாக்கிவிடும். இம்மூன்றையும் விட்டு, நூறாண்டுகளுக்கு மேலாக நம் நாட்டில் நிலவிவரும் நான்காவது வழி ஒன்று உண்டு. அதனையே நம் மக்கள் "மஞ்சள் கடுதாசி கொடுத்தல்" என்றும், "ஐ.பி. கொடுத்தல்" என்றும் வழங்குகின்றனர். அறிவிப்பு மஞ்சள் தாளில் அச்சிடப்பெற்று வந்த பழக்கத்தால் இப்பெயர் ஏற்பட்டது என்பர்.

இதைக் குறித்து ஊர்களில் நிலவும் எண்ணங்களிற் பல தவறானவை. "ஐ.பி. கொடுத்துவிட்டால் கடன் அத்தனையும் அன்றே தள்ளுபடி" என்று சிலர் நம்புகின்றனர். "ஐ.பி. கொடுத்தால் குடியிருக்கும் வீடும் ஏர் மாடும் போய்விடும்" என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். இரண்டும் மெய்யல்ல. சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது, எவ்வுடைமையைக் காக்கிறது, யாரிடம் உதவி பெறலாம் என்பனவற்றை ஊராட்சி உறுப்பினரும் விவசாயிகளும் அறிந்துகொள்ளுமாறு இங்கே எடுத்துரைக்க முற்படுகிறோம்.

சட்டம் வந்த வகை

கடனைத் தீர்க்க இயலாத தனிமனிதருக்கென நம் நாட்டில் இரண்டு பழைய சட்டங்கள் உள்ளன. சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கென 1909ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஏனைய பகுதிகளுக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண இன்சால்வென்சிச் சட்டம் பொருந்தும். சேலம், நாமக்கல் மாவட்டத்தார் இந்த 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்தான் மனுச் செய்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் புதிய நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பை இயற்றியது. ஆயினும் தனிமனிதரைப் பற்றிய அதன் பகுதி, கம்பெனிகளின் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் ஜாமீன் நின்றவர்கள் வரையில் மட்டும், 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. எனவே சாதாரண விவசாயிக்கும் சிறு தொழிலாளிக்கும் பழைய சட்டமே வழிகாட்டி.

கடன் நிவாரணம் என்பது இம்மாவட்டத்தாருக்குப் புதிய பேச்சன்று. சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவரும், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமத்தை நிறுவியவருமான இராஜாஜி, 1937இல் சென்னை மாகாணத்தின் முதன்மைப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டிலேயே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. 1932 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முன் விவசாயிகள் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நின்ற வட்டிப் பாக்கி அச்சட்டத்தால் நீக்கப்பட்டது. அசலைப் போல் இருமடங்கு செலுத்திவிட்டவரின் கடன் முற்றும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. பின்னர் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் வேறு சில நிவாரணச் சட்டங்கள் வந்தன. 2021ஆம் ஆண்டில் கூட்டுறவுச் சங்கங்களில் நிலுவையில் இருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது.

இவை யாவும் குறித்த காலத்தையோ, குறித்த வகைக் கடனையோ மட்டும் தழுவியவை. தனியாரிடம் நோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய கடனுக்கு 2021ஆம் ஆண்டுத் தள்ளுபடி பயன்படவில்லை. ஆனால் 1920ஆம் ஆண்டுச் சட்டம், அரசின் அறிவிப்புக்குக் காத்திராமல் எக்காலத்தும் திறந்திருக்கும் வாயிலாகும்.

முதலிற் கணக்கைப் பாருங்கள்

நீதிமன்றம் செல்லுமுன் கடன்களின் பட்டியலொன்றைத் தயாரித்தல் இன்றியமையாதது. யாருக்கு, எந்த நாளில், எவ்வளவு, எந்தப் பத்திரத்தின் பேரில், என்ன வட்டிக்கு, இதுவரை எவ்வளவு செலுத்தப்பட்டது என்று எழுதுதல் வேண்டும். இவ்வாறு எழுதிப் பார்க்கும்போதே சில கடன்கள் நாம் நினைத்த அளவில் இல்லை என்பது புலப்படும்.

கேட்டவுடன் தரவேண்டிய கடன் நோட்டின் பேரில் வழக்குத் தொடரக் காலவரையறை 3 ஆண்டுகள். அதற்குள் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டாலும், ஒரு பகுதியைச் செலுத்தி அதனை எழுத்தில் பதிந்தாலும் 3 ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். காலம் கடந்தபின்னரும், "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புதிய ஒப்பந்தமாகிவிடும். ஆதலால் "நோட்டை மாற்றிக் கொடு" என்று கேட்கப்படும்போது, படித்தறியாமல் கையெழுத்திடலாகாது. நியாயமான கடனை ஏய்க்குமாறு நாம் கூறவில்லை. செய்வது இன்னதென்று அறிந்து செய்யவேண்டும் என்பதே நம் கருத்து.

கந்து வட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி, தண்டல் போன்ற கொடுவட்டிகளை 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதிக வட்டி வசூலித்தல் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. இதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இத்தகைய கடனில் சிக்கியவர், தாம் நியாயமாகத் தரவேண்டிய தொகையை நீதிமன்றத்திற் செலுத்தி நிவாரணம் கோரவும் இச்சட்டம் இடமளிக்கிறது. மகளிர் குழுக்களுக்கும் சிறு குடும்பங்களுக்கும் நுண்கடன் வழங்கும் நிறுவனங்கள், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடனாளியை வசூலுக்காகத் தொல்லைப்படுத்தலாகாது என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை விதிக்கிறது. கடனை வசூலிக்கப் பலவந்தம் செய்வதைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025ஆம் ஆண்டில் தனிச் சட்டமொன்றையும் நிறைவேற்றியது.

வறட்சியாலோ வெள்ளத்தாலோ பயிர் அழிந்திருப்பின், வங்கியும் கூட்டுறவுச் சங்கமும் தவணையை நீட்டித் தருவதற்கு விதிகள் உண்டு. அதனைக் கேட்டுப் பெறுதல் முதற்படி. இவ்வளவும் செய்தபின்னும் கடன் உடைமையை மிஞ்சி நிற்குமாயின், அப்போதுதான் இன்சால்வென்சி மனுவைப் பற்றி எண்ணவேண்டும்.

யார் மனுச் செய்யலாம்?

கடனைத் தீர்க்க இயலாத நிலையில் உள்ள எவரும் மனுச் செய்யலாம். ஆனால் கீழ்க்கண்ட மூன்றில் ஒன்று இருத்தல் வேண்டும். மொத்தக் கடன் 500 ரூபாய்க்குக் குறையாதிருத்தல். அல்லது பணத்துக்கான டிக்ரியை நிறைவேற்றும்போது கைது செய்யப்பட்டோ சிறையிலோ இருத்தல். அல்லது அத்தகைய டிக்ரியின்படி உடைமை ஜப்தியாகி, அந்த உத்தரவு நிலுவையில் இருத்தல். 500 ரூபாய் என்பது 1920இல் பெருந்தொகை. இன்று கடனாளி எவரும் எளிதில் தாண்டும் அளவு.

கடன் கொடுத்தவரும் மனுச் செய்யலாம். கடனாளி தம் சொத்தைக் கடன்காரர்களை ஏமாற்றும் நோக்குடன் மாற்றினாலோ, அவர்களுக்கு அகப்படாமல் தலைமறைவானாலோ, கடன் செலுத்துவதை நிறுத்திவிட்டதாக அறிவித்தாலோ, அச்செயல் நடந்த 3 மாதத்துக்குள் அவர் நீதிமன்றத்தை நாடலாம்.

கடனாளி வழக்கமாகக் குடியிருக்கும் இடம், அல்லது தொழில் நடத்தும் இடம் எந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள் அமைகிறதோ, அங்கேயே மனுச் செய்தல் வேண்டும். மாவட்ட நீதிமன்றத்துக்கும், அரசின் அறிவிக்கையால் அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்துக்கும் இவ்வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் உண்டு. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டமாகிவிட்டபடியால், அப்பகுதியினர் சேலத்துக்கு அலையவேண்டியதில்லை.

மனுவுக்குப் பின் நடப்பவை

வக்கீலிடமிருந்து ஓர் அறிவிப்பு அனுப்பிவிட்டால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. நீதிமன்றத்தில் மனு ஏற்கப்பட்டு, உத்தரவு பிறத்தல் வேண்டும். மனுவில் கடன்காரர் அனைவருடைய பெயர், முகவரி, கடன் தொகை ஆகியவற்றையும், தம் உடைமைகள் அனைத்தையும் மறைக்காமற் குறிப்பிடுதல் கடமை. ஒருமுறை கொடுத்த மனுவை நீதிமன்றத்தின் அனுமதியின்றித் திரும்பப் பெற இயலாது.

நீதிமன்றம் விசாரணை நாளைக் கடன்காரர்களுக்கு அறிவிக்கும். உடைமையைக் காப்பாற்ற இடைக்கால ரிசீவர் ஒருவரையும் நியமிக்கலாம். கடனாளி தம் கணக்குகளையும் பத்திரங்களையும் கொண்டுவந்து காட்டுதல் வேண்டும். கேட்கும் கேள்விகளுக்கு மெய்யான விடை கூறுதல் வேண்டும். கடன் தீர்க்க இயலாமை மேலெழுந்தவாறு விளங்கினாலே போதும். அதன்பின், "இவர் இன்சால்வெண்ட்" என்று நீதிமன்றம் தீர்மானித்து உத்தரவிடும்.

அவ்வுத்தரவால் மூன்று விளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது, சட்ட விலக்குப் பெற்றவை நீங்கலாக, கடனாளியின் உடைமை முழுவதும் நீதிமன்றத்தின் வசமோ ரிசீவரின் வசமோ சேரும். இரண்டாவது, கடன்காரர் எவரும் நீதிமன்றத்தின் அனுமதியின்றித் தனியே வழக்குத் தொடரவோ, உடைமையைத் தொடவோ முடியாது. மூன்றாவது, கடனாளி விண்ணப்பித்தால், கைதுக்கும் சிறைக்கும் எதிராக நீதிமன்றம் பாதுகாப்பு உத்தரவு வழங்கலாம். விடுதலை பெறும்வரை அவர் புதிதாக ஈட்டும் சொத்தும் ரிசீவரைச் சேரும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவோம். இராசிபுரம் பக்கத்தில் 3 ஏக்கர் நிலமுடைய குடியானவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றரை ஏக்கரை வங்கியில் அடமானம் வைத்து 5 இலட்சம் ரூபாய் வாங்கியிருக்கிறார். கிணறு தோண்டுவதற்கென்று ஐவரிடம் நோட்டு எழுதிக்கொடுத்து, முறையே 3 இலட்சம், 2 இலட்சம், ஒன்றரை இலட்சம், 1 இலட்சம், 50,000 ஆக மொத்தம் 8 இலட்சம் ரூபாய் வாங்கியிருக்கிறார். கிணற்றில் நீர் இல்லை. அடமான நிலம் வங்கிக் கடனுக்குச் சரியாகிவிட்டது. எஞ்சிய ஒன்றரை ஏக்கரை ரிசீவர் விற்றதில், செலவு போக 4,80,000 ரூபாய் கிடைத்தது. ஐவருக்கும் ரூபாய்க்கு 60 காசு வீதம் பங்கு கிடைக்கும். 3 இலட்சம் கொடுத்தவருக்கு 1,80,000 ரூபாயும், 50,000 கொடுத்தவருக்கு 30,000 ரூபாயும் சேரும். இச்சட்டம் இல்லாவிடின், முந்திக்கொண்டு டிக்ரி பெற்று ஜப்தி செய்தவர் பெரும்பங்கைக் கொண்டுபோக, கடைசியில் வந்த சிறிய கடன்காரர் வெறுங்கையுடன் நிற்பார். கடன்காரர்களுக்குள்ளும் நீதி செய்வது இச்சட்டத்தின் நோக்கமாகும். அரசுக்கும் உள்ளாட்சிக்கும் சேரவேண்டிய பாக்கியும், வேலையாட்களின் அண்மைக்காலக் கூலியும் இப்பங்கீட்டில் முன்னுரிமை பெறும்.

நிலத்தை விற்காமலே தீர்வு காணவும் வழி உண்டு. "இவ்வளவு ஆண்டுகளில் இவ்வளவு வீதம் தருகிறேன்" என்று கடனாளி ஒரு சமரசத் திட்டத்தை முன்வைக்கலாம். கடன்காரரில் எண்ணிக்கையிற் பெரும்பான்மையினரும், கடன் தொகையில் நான்கில் மூன்று பங்குக்கு உரியவரும் ஒப்புக்கொண்டு, நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டால், அத்திட்டம் ஒப்பாதவரையும் கட்டுப்படுத்தும்.

எவ்வுடைமை காக்கப்படும்?

குடியானவருக்கு இதுவே மிக முக்கியமான பகுதி. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சில உடைமைகளை ஜப்தி செய்யலாகாது என்று விலக்கியுள்ளது. அவ்வுடைமைகள் ரிசீவரையும் சேரமாட்டா. அவற்றிற் சிறப்பானவை வருமாறு:

1. கடனாளி, அவர் மனைவி, மக்கள் ஆகியோருக்குத் தேவையான உடை, சமையற் பாத்திரம், படுக்கை. சமய வழக்கப்படி பெண்கள் கழற்றலாகாத தாலி போன்ற அணிகள்.

2. கைவினைஞரின் கருவிகள், விவசாயியாயின் ஏர் முதலிய உழவுக் கருவிகள், பிழைப்புக்கு வேண்டுமென நீதிமன்றம் கருதும் மாடுகள், விதைத் தானியம்.

3. விவசாயிக்கோ கூலித் தொழிலாளிக்கோ வீட்டு வேலை செய்வோருக்கோ சொந்தமாகி, அவரே குடியிருக்கும் வீடும், அதனைச் சார்ந்த மனையும்.

4. தொழிலாளியின் கூலி, சம்பளக்காரரின் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கும், சேமநல நிதி, கடனாளியின் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின்படி சேரவேண்டிய தொகை.

மேற்கண்ட விலக்கைக் கைவிடுவதாகக் கடன் பத்திரத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது என்று சட்டமே கூறுகிறது. மனைவியின் சீதனமும் அவர் தம் வருவாயில் வாங்கிய சொத்தும் அவருடையவை. கணவனுடைய கடனுக்கு அவை பொறுப்பாக மாட்டா.

எனினும் "விவசாயி" என்ற சொல்லுக்குச் சட்டம் வரையறை தந்துள்ளது. நிலத்தைத் தாமே பயிரிட்டு, அவ்வருவாயையே பெரும்பாலும் நம்பி வாழ்பவரே விவசாயி. சொந்தக்காரராயினும் குத்தகைதாரராயினும் சரியே. பணத்துக்கோ தானியத்துக்கோ கூலியாள் வைத்துப் பயிரிடினும் தாமே பயிரிட்டதாகக் கொள்ளப்படும்; வாரத்துக்கு விட்டிருந்தால் அவ்வாறு கொள்ளப்படாது. கிராமத்தில் 2 ஏக்கர் நிலம் வைத்துக்கொண்டு, லாரித் தொழிலின் வருவாயில் வாழ்பவர், வீட்டுக்கான இவ்விலக்கைக் கோருவது கடினம். அவ்வாறே தாமே நெய்யும் கைத்தறியாளரின் தறி கருவியாகக் கொள்ளப்படலாம். பல விசைத்தறிகளைக் கூலியாள் வைத்து ஓட்டுபவர் அவ்வாறு கேட்பது எளிதன்று. ஆகவே சிட்டா, அடங்கல், சாகுபடிக்கு ஆன செலவுச் சீட்டுகள் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். நீதிமன்றத்தில் இவையே பேசும்.

தந்தையின் கடன் மக்களைச் சேருமா என்று பலர் கேட்பதுண்டு. இறந்தவரின் வாரிசு, அவரிடமிருந்து தமக்கு வந்த சொத்தின் அளவுக்கே கடனுக்குப் பொறுப்பாவார். தாமே சம்பாதித்த சொத்தை அதற்காக இழக்கவேண்டியதில்லை. இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9ஆம் தேதிக்குப் பின் தந்தை பட்ட கடனுக்காக, சமயக் கடமையை மட்டும் காரணம் காட்டி மகன் மீது வழக்குத் தொடர முடியாது.

அடமானமும் ஜாமீனும்

மேலே கூறிய விலக்குகள் அடமானம் வைக்காத உடைமைக்கே பொருந்தும். வீட்டையோ நிலத்தையோ மனமுவந்து அடமானம் வைத்திருந்தால், அடமானக்காரரின் உரிமை இன்சால்வென்சியால் குறைவதில்லை. ஒரு சலுகை மட்டும் உண்டு. 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசிச் சட்டப்படி, வங்கிகள் நீதிமன்றம் செல்லாமலே அடமானச் சொத்தைக் கைப்பற்றலாம். விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு இவ்வதிகாரம் இல்லை. ஆனால் நிலம் மெய்யாகவே விவசாயத்தில் இருத்தல் வேண்டும். மற்றச் சொத்துக்களுக்கு வங்கி 60 நாள் அறிவிப்புத் தரவேண்டும். அதற்குக் கடனாளி எழுதும் ஆட்சேபணைக்கு 15 நாளில் காரணங்காட்டி விடை தரவேண்டும். நடவடிக்கை தொடங்கிய நாளிலிருந்து 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை நாடலாம். அறிவிப்பு வந்தவுடன் அதனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு அஞ்சியிருப்பதே பலர் நிலத்தையும் வீட்டையும் இழக்கக் காரணமாகிறது.

ஜாமீன் நின்றவருக்கும் ஓர் எச்சரிக்கை. கடனாளி நீதிமன்றத்தால் விடுதலை பெற்றாலும், ஜாமீன்தாரரின் பொறுப்பு நீங்காது. உறவுக்காகவும் நட்புக்காகவும் கையெழுத்திடுவோர் இதனை மறத்தலாகாது.

செய்யத்தகாதவை

ஊரில் தரகர்கள் கூறும் யோசனைகளிற் கொடியது, "முதலில் சொத்தை மாற்றி எழுதிவிடு, பிறகு மஞ்சள் கடுதாசி கொடு" என்பது. உரிய விலை பெறாமலோ, உண்மை நோக்கமின்றியோ செய்யப்பட்ட சொத்து மாற்றத்தை, அது நடந்த 2 ஆண்டுக்குள் இன்சால்வென்சி மனு வருமாயின் ரிசீவர் நீக்கச் செய்யலாம். வேண்டிய கடன்காரர் ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிச் செலுத்தியதும், 3 மாதத்துக்குள் மனு வந்தால் அவ்வாறே நீக்கப்படும். கணக்கை மறைத்தல், சொத்தை ஒளித்தல் ஆகியவற்றுக்கு 1 ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. தம் நிலையைக் கூறாமல் 50 ரூபாய்க்குக் குறையாத கடனை வாங்கும் விடுதலை பெறாத இன்சால்வெண்ட் 6 மாதம் வரை சிறை செல்ல நேரிடும். வீட்டைச் சட்டமே காத்துத் தர, அதனைப் பினாமி பெயரில் எழுதி வைத்து, பின் அப்பினாமியிடமே இழந்து நிற்போரும் உண்டு.

நிரப்பாத காசோலையைக் கையெழுத்திட்டுக் கொடுப்பதும் பெரும் ஆபத்து. காசோலை திரும்பினால் தொடரப்படும் குற்றவழக்கு இன்சால்வென்சி மனுவால் தானே நின்றுவிடாது. அவ்வழக்குக்குத் தனியாக எதிர்வாதம் செய்தல் வேண்டும்.

கைது பற்றிய அச்சம்

"பணம் தராவிட்டால் ஜெயில்" என்ற மிரட்டலுக்கு நம் மக்கள் மிகவும் நடுங்குகின்றனர். பணத்துக்கான டிக்ரியில், செலுத்தும் வசதி இருந்தும் தீய எண்ணத்தால் செலுத்தாதவரையே சிறையிடலாம். வறுமையால் செலுத்த இயலாதவரைச் சிறையிடுதல் நேர்மையன்று என்று உச்ச நீதிமன்றம் 1980ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துள்ளது. பெண்களை இக்காரணத்துக்காகக் கைது செய்யவே கூடாது. 2,000 ரூபாய்க்கு மேற்படாத டிக்ரிக்குச் சிறை இல்லை. 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட டிக்ரிக்கும் 3 மாதத்துக்கு மேற் சிறை இல்லை. கைதாகி நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட கடனாளிக்கு, இன்சால்வென்சி மனுச் செய்யும் உரிமை உண்டென்று நீதிமன்றமே எடுத்துரைக்கவேண்டும்.

விடுதலையும் ஊராட்சிப் பதவியும்

நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் கடனாளி விடுதலைக்கு விண்ணப்பித்தல் வேண்டும். தவறினால் முன்னைய உத்தரவே நீக்கப்பட்டுப் பாதுகாப்பும் போய்விடும். இதனை மறந்து கெட்டவர் பலர். உடைமையால் ரூபாய்க்கு 50 காசு அளவுக்கேனும் கடன் தீராவிடின், அதற்குத் தாம் பொறுப்பல்ல என்று அவர் காட்டல் வேண்டும். வறட்சி, நோய், விலைவீழ்ச்சி ஆகியவற்றுக்கான சான்றுகள் இங்கே பயன்படும். சூதாட்டம், ஊதாரித்தனம், கணக்கு வைக்காமை, தீர்க்க வழியில்லை என்று அறிந்தே கடன் வாங்கியமை ஆகியவை முழு விடுதலைக்குத் தடையாகும். முழு விடுதலை பெற்றவர் பழைய கடன்களிலிருந்து நீங்குகிறார். ஆயினும் அரசுக்குரிய பாக்கியும், மோசடியால் பட்ட கடனும், ஜீவனாம்சப் பொறுப்பும் நீங்கா.

ஊராட்சி உறுப்பினர் தமக்கென அறியவேண்டியது ஒன்றுண்டு. இன்சால்வெண்ட் எனத் தீர்மானிக்கப்பட்டவர் உள்ளாட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படவோ, அதில் அமர்ந்து வாக்களிக்கவோ தகுதியற்றவராகிறார். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் இதனைத் தகுதியின்மையாகக் கொள்கிறது. ஆனால், "தம் குற்றமின்றி நேர்ந்த துரதிருஷ்டத்தால் ஏற்பட்டது" என்ற நீதிமன்றச் சான்றுடன் விடுதலை பெற்றால், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை நீங்கிவிடும். ஆகவே விடுதலை கோரும்போதே இச்சான்றையும் கோருதல் வேண்டும்.

செலவின்றிச் சட்ட உதவி

"வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் ஏது?" என்ற கேள்வி எழும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாலைத் தொழிலாளர், அரசு குறித்த வருமான வரம்புக்கு உட்பட்டோர் ஆகியோர் இலவசச் சட்ட உதவி பெறலாம். வறட்சி, வெள்ளம் முதலியவற்றால் தகாத வறுமைக்கு ஆளானோரும் இப்பட்டியலில் உள்ளனர். இதனை நம் விவசாயிகள் அறியாதிருக்கின்றனர். வக்கீல் கட்டணம், நீதிமன்றக் கட்டணம், பத்திர நகற்செலவு ஆகியவற்றை ஆணைக்குழுவே ஏற்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், வட்ட நீதிமன்றங்களில் வட்டக் குழுக்களும் இயங்குகின்றன. வெள்ளைத் தாளில் எழுதிய விண்ணப்பம் போதும். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

வழக்காகுமுன்னரே சமரசம் காண லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தையும் இக்குழுக்கள் நடத்துகின்றன. அங்கே ஏற்படும் முடிவு டிக்ரிக்கு ஒப்பானது; அதன்மேல் அப்பீல் இல்லை. ஆதலால் தம்மால் செலுத்தக்கூடிய தவணைக்கே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர் கடமை

கடன்பட்டவரைச் சாவடியில் நிறுத்தி, எழுதிக்கொடுக்கச் சொல்லி வற்புறுத்தும் கட்டப் பஞ்சாயத்துக்கு ஊராட்சி உறுப்பினர் துணை போகலாகாது. கிராம சபைக் கூட்டத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவினரை அழைத்து விளக்கச் செய்யலாம். ஊரில் அறிவிப்பு வந்த குடும்பத்தாரைக் கண்டு, அதன் தேதியைக் குறித்து, வட்டக் குழுவுக்கு உடன் அழைத்துச் செல்லலாம். மனமுடைந்தவரைத் தனித்திருக்க விடாமல், 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறச் செய்யலாம்.

கடன் பெற்றவரும் கொடுத்தவரும் ஒரே ஊரார். நாளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே வாழவேண்டியவர். உள்ளதை மறைக்காமற் சொல்லி, இயன்றதைத் தந்து, எஞ்சியதற்குச் சட்டத்தின் விடுதலையைப் பெறுபவர் தலைகுனிய வேண்டுவதில்லை. வீடும் ஏரும் விதையும் காக்கப்பட்டால், அடுத்த மழைக்கு அந்த நிலமற்ற குடியானவரும் குத்தகைக்கேனும் ஓர் ஏக்கரைப் பிடித்து உழுவார். அறிவிப்பு வீட்டுக்கு வந்த அந்த வாரத்திலேயே அதனை எடுத்துக்கொண்டு சட்ட உதவி அலுவலகத்துக்குச் செல்லுதல் அதற்கு முதல் வேலையாகும்.